ஈரலால் மிதக்கும் சுறா

மாணவர்களே! குளச்சலிலோ முட்டத்திலோ மீன் ஏலம் நடக்கும்போது களவா மீனைக் கவனித்திருக்கிறீர்களா? ஆழத்திலிருந்து தூண்டிலில் விரைவாக இழுத்தெடுத்த களவாவின் இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்பதுண்டு. காரணம், அதன் உடலினுள் உள்ள காற்றுப்பை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. நீங்கள் படித்த பாயில் விதிப்படி காற்று விரிந்து, இரைப்பையை வெளியே தள்ளிவிடுகிறது.

அப்படியானால் 600 மீட்டர் ஆழத்தில், 61 வளிமண்டல அழுத்தத்தில் வாழும் மீன் எதைக் கொண்டு மிதக்கிறது?

குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி ஆழ்கடலில் இறக்குவார்கள். அவர்கள் பிடித்துக் கொச்சித் துறைமுகத்தில் இறக்கும் சுறாக்களில் ‘சென்ட்ரோபோரஸ்’ என்னும் பேரினமும் உண்டு. ‘முள் தாங்கி’ என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். முதுகுத் துடுப்புகள் இரண்டின் முன்னும் ஒவ்வொரு முள் இருக்கும். பச்சையாய் ஒளிரும் பெரிய கண்கள் மங்கிய ஒளியையும் விடாமல் பற்றும்.

சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. இந்தச் சுறாவுக்கு ஈரல்தான் மிதவை! உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈரலே. அதில் நிறைந்திருப்பது ஸ்குவாலீன் என்னும் எண்ணெய். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,030 கிராம். ஸ்குவாலீனோ 860 கிராம்தான். ஆகவே, லிட்டருக்கு 170 கிராம் சுமையை அது தாங்குகிறது. காற்றைப் போல் எண்ணெய் எளிதில் சுருங்காது, விரியாது. களவாவுக்கு நேரும் கதி இதற்கு இல்லை.

ஜப்பானிய வேதியியலறிஞர் சுஜிமோட்டோ 1906-இல் சுறா ஈரல் எண்ணெயில் இப்பொருளைக் கண்டார், 1916-இல் பெயரிட்டார். நம் தோலின் எண்ணெய்ப் பசையிலும் இது சிறிதளவு உண்டு என்பது வேடிக்கை. முகப்பூச்சுகளிலும் சில தடுப்பூசிகளிலும் இது சேர்கிறது. மிதக்க உதவும் எண்ணெயே இச்சுறாவுக்கு எமனாயிற்று.

சாளை பல்லாயிரம் முட்டையிடும். இந்தச் சுறாவின் சில இனங்களோ முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்து, ஒரு பேற்றில் ஒரே குட்டியை ஈனுகின்றன. அதற்கும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். மாலத்தீவில் 1980-ஐ ஒட்டித் தொடங்கிய இந்த எண்ணெய் வேட்டை பத்தாண்டுகளுக்குள் நொடித்துப்போனது. 2010-இல் அந்நாடு சுறா வேட்டைக்கே தடை விதித்தது. இன்று ஸ்குவாலீனை ஆலிவ் எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கிறார்கள்.