தண்ணீரை நிறுத்தினால் வயிற்றோட்டம் நிற்குமா?

"புள்ளைக்கு வயித்தால போகுது, தண்ணி குடுக்காதீங்க. குடுத்தா இன்னும் கூடப் போகும்." லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சரிதானா என்று பார்ப்போம்.

வாந்திபேதிப் பற்றீரியா அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக உடலுக்குள் போகிறது. அது குடலைப் புண்ணாக்குவதில்லை. குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. இதை 1959இல் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே பரிசோதனை செய்து காட்டினார். ஈ.கோலி பற்றீரியாவில் சில வகைகளும் இதே போன்ற நஞ்சைச் சுரக்கின்றன.

இந்த நஞ்சு, திறந்த பைப்பை மூடவிடாமல் பிடித்துக்கொள்வது போல வேலை செய்கிறது. உடம்பிலுள்ள உப்பு குடலுக்குள் வழிகிறது. உப்புக்குப் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஆகவே வெளியே போவது குடித்த தண்ணி மட்டுமல்ல, இரத்தத்தில் இருந்த தண்ணியும்தான். குடிக்கக் கொடுக்காவிட்டாலும் அது போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை வாடித் துவண்டு போவது இதனால்தான்.

ஆனால் ஒரு வழியை இந்த நஞ்சு அடைப்பதில்லை. சீனியும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரும் கூடவே உடம்புக்குள் போகும். ஜீவனியின் இரகசியம் இதுதான். 1971இல் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 100 பேருக்குச் சுமார் 30 ஆக இருந்த மரணம் 4க்கும் கீழே குறைந்தது.

ஜீவனி குடித்தவுடன் வயிற்றோட்டம் நின்றுவிடாது. குடற்சுவரின் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை உயிரைக் காப்பது ஜீவனி. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. பக்கற்றில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

2. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.

3. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சோறு, கஞ்சி சாப்பிடும் பிள்ளைக்கு அவற்றையும் கொடுங்கள்.

4. கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கொழுந்து நிறுத்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடிப்போம். மலசலகூடம் போய்வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதே என்று இனி யாருக்கும் சொல்லாதிருப்போம்.