பரு வந்த முகத்துக்கு க்ரீம் ஆகாதா?

ஆயக்குடி கொய்யாச் சந்தைக்குக் காலையில் போனால், காய் பிரிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பிஞ்சில் பூச்சி குத்திய காய்களைத் தனியே ஒதுக்குவார்கள். பூச்சி போய் எத்தனையோ நாள் ஆகியிருக்கும், காயும் பருத்துப் பழுத்திருக்கும். குத்திய இடத்தில் மட்டும் பழுப்புத் தழும்பு அப்படியே நிற்கும்.

நம் தோலில் பருவும் அப்படித்தான். காய் பிரிக்கும் பெண்களும் சரி, இவ்வூரில் 'மரத்தடி மையம்' என்ற பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பரு போயிருச்சுங்க, இந்தக் கறுப்பு எப்பப் போகும்?" மாநிறத் தோலில் அழற்சி வந்து அடங்கினால், அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கறையாகத் தங்கிவிடும். பரு சில வாரத்தில் வற்றும். கறைக்கு மாதக்கணக்கு ஆகும். வெயில் பட்டால் அது இன்னும் கருக்கும். கறையைத் தடுக்க உதவுகிற இரண்டு பொருள்கள் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும். நம் ஊரில் பரு வந்தவர்கள் முதலில் ஒதுக்கி வைப்பதும் இந்த இரண்டைத்தான்.

"எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு மாய்ஸ்சரைசர் எதுக்கு?"

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. மேலே எண்ணெய் மினுக்கும் முகம் உள்ளே ஈரமில்லாமல் வறண்டு கிடக்கலாம். பரு வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம், நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பது. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலுடையது ஏறக்குறைய 5. தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்பு உடைகிறது, எரிச்சல் கூடுகிறது. மென்மையான ஃபேஸ்வாஷால் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை கழுவினால் போதும். வேர்த்து வந்தால் இன்னொரு முறை கழுவலாம்.

பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் நல்ல மருந்துகள். ஆனால் முதல் சில வாரங்களில் முகத்தை வறட்டி உரிக்கும். "இது எனக்கு ஒத்துக்கலை" என்று பலர் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மருந்து பலன் காட்டவோ எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாங்க வைப்பதுதான் மாய்ஸ்சரைசரின் வேலை. ஜெல்லாகவோ நீர்த்த லோஷனாகவோ வாங்குங்கள். கிளிசரின், ஹைலூரானிக் ஆசிட், செராமைடு, நியாசினமைடு என்ற பெயர்கள் பின்பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒரு கொண்டைக்கடலை அளவை ஈரம் காயாத முகத்தில் தடவினால் போதும். மிகவும் எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர் தடவி, அது காய்ந்த பிறகு அடாபலீன் போடலாம்.

"தேங்காய் எண்ணெயை விட என்ன மாய்ஸ்சரைசர்?"

தென்னந்தோப்பும் கொய்யாத் தோப்புமாக இருக்கிற பூமியில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கை காலில் தோல் வறண்டு வெடித்தால் தேங்காய் எண்ணெய் அருமையான பொருள். பரு வரும் முகத்துக்கு ஆகாது, துளைகளை அடைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய பிள்ளையின் நெற்றியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி தொடங்கும் கோட்டை ஒட்டிக் கடுகு கடுகாகப் பொரி வரிசை கட்டியிருக்கும். தலையில் தடவும் எண்ணெய்ப் பூச்சால் வரும் இந்தப் பருவை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே பெயரிட்டு எழுதிவிட்டார்கள். எண்ணெயை விடச் சொல்லவில்லை. தலைக்குக் குளிப்பதற்குச் சற்று முன் வைத்து அலசிவிடுங்கள், நெற்றியில் வழிய விடாதீர்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் பரு வராது என்று நம்புகிறவர்களும் உண்டு. துளையை அடைக்காது என்பது அந்தச் சொல்லின் பொருள். அதைப் போட்டுக்கொள்ளச் சட்டப்படியான அளவுகோல் எதுவும் இங்கே இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அந்தச் சோதனையே முயல் காதில் தொடங்கியது. அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, தாடை ஓரத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகு முகம் முழுக்கப் போடுங்கள். 'மூலிகை', 'இயற்கை' என்ற சொற்களுக்கும் இதே கணக்குதான்.

"கறுத்த தோலுக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?"

இதில் பாதி உண்மை. கருமை நமக்கு இயற்கை கொடுத்த குடை; வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் வெள்ளையர்களைவிட மிகக் குறைவு. ஆனால் கறை விஷயத்தில் அந்தக் குடை உதவாது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் தோலில் நிறத்தைக் கூட்டும். அதனால்தான் இரும்பு ஆக்சைடு கலந்து லேசான பழுப்பு நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் நமக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. வெள்ளை சன்ஸ்கிரீன் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போல ஆகும் என்ற குறையும் இதில் இல்லை.

எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவீதமும், 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் புற ஊதா பி கதிரைத் தடுக்கின்றன. அதற்கு மேல் காசு கொட்டுவது வீண். 30-க்குக் குறையாமலும், புற ஊதா ஏ கதிருக்கான பி.ஏ. குறியில் மூன்று கூட்டல் அடையாளமாவதும் பார்த்து வாங்குங்கள். ஜெல்லோ, தண்ணீராகப் பரவும் வகையோ எடுங்கள். கெட்டியான க்ரீம் வகையைப் போட்டுப் பரு வந்து, "சன்ஸ்கிரீனே ஆகாது" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டும்.

இந்த அளவில் தடவினால் ஒரு ட்யூப் சீக்கிரமே தீரும். கூலிக்குக் காய் பறிக்கிறவரிடம் மாதாமாதம் வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டை முன்னுக்கு இழுத்துக் கட்டி வேலைக்குப் போகிறார்களே, அதுவே தரமான வெயில் காப்பு. வாங்க முடிந்தவர்களுக்கும் துண்டும் குடையும் நிழலும் முதலில், ட்யூப் அடுத்ததுதான்.

கறை போகும் என்று எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவாதீர்கள். தடவி வெயிலில் போனால் கொப்பளித்துக் கருகும். பற்பசையும் வேண்டாம், அது எரிக்க மட்டுமே செய்யும்.

இனி என்னை அதிகம் வருத்துகிற நம்பிக்கைக்கு வருகிறேன்: "மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிருச்சு."

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப். ஒரே வாரத்தில் பரு அமுங்கி முகம் வெளுத்தது. மூன்றாம் மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. நிறுத்தினால் முகம் முழுக்கக் கொப்பளித்தது. மறுபடி போட்டால்தான் அடங்கியது. அதற்குள் இருந்தது ஸ்டீராய்டு. அது அழற்சியை அமுக்கும், தோலை மெலிய வைக்கும், முகத்தில் முடி வளர்க்கும், கடைசியில் பருவையே பெருக்கும். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வந்த பாதிப்புகளில் முதலிடம் பருவுக்கே. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இருந்தும் கிடைக்கிறது.

ட்யூபைத் திருப்பிச் சிறு எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், குளோபெட்டசால் என்று இருந்தால் பருவுக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், மருத்துவர் சொல்கிறபடி விடுங்கள்.

பரு கட்டியாகி வலித்தாலும், குழி விழத் தொடங்கினாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ கருத்தரிக்கத் திட்டமிருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில பரு மருந்துகள் அப்போது கூடவே கூடாது. இதுவரை முகத்தில் போட்ட ட்யூப் அத்தனையையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.