சின்ன ரகரமும் பெரிய றகரமும்

காசிமேட்டுக் கரையில் படகு நிற்கிறது. வெள்ளைச் சீருடையில் மைக்கறை படிகிறது. 'கரை', 'கறை' ஆகிய இரண்டையும் நம் கொருக்குப்பேட்டையில் ஒரே ஒலியாகத்தான் சொல்கிறோம். ஆகவே, சொல்வதெழுதுதலில் பிழை நேர்ந்தால், அதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. காதில் விழாத வேறுபாட்டைக் கை எழுத வேண்டியிருக்கிறது!

பண்டு இவை வேறு வேறு ஒலிகள். நாக்கின் நுனி மேலண்ணத்தை வருடினால் ரகரமும், ஒற்றினால் றகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். ரகரம் இடையினம், றகரம் வல்லினம். காலப்போக்கில் பல இடங்களில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. குமரி மாவட்டத்தார் பலரின் பேச்சிலும், மலையாளத்திலும் அது இன்றும் வாழ்கிறது. தெலுங்கிலோ றகரத்துக்கு ஒத்த பழைய எழுத்தே வழக்கொழிந்துவிட்டது.

ஆனால் தோழியரே, நம் வீட்டுப் பேச்சில் றகரம் வேடம் மாறி ஒளிந்திருக்கிறது! 'ஆத்துல தண்ணி', 'சோத்துல உப்பு', 'வயித்துல வலி' என்கிறோம் அல்லவா? அவை ஆற்றில், சோற்றில், வயிற்றில் என்பவற்றின் திரிபுகளே. எனவே ஆறு, சோறு, வயிறு ஆகியவற்றுக்கு வல்லின றகரம். ஊர், தேர், வேர் என்பவையோ ஊருல, தேருல, வேருல என்றே வரும், 'த்து' தோன்றாது. பெயர்ச்சொல்லில் ஐயம் எழுந்தால் இவ்வாறு சொல்லிப் பாருங்கள். வினைச்சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை: 'பாத்து' என்பது 'பார்த்து' ஆகும்.

இன்னும் சில குறிப்புகள்:

1. றகரம் சொல்லின் முதலில் வராது. இலக்கணப்படி ரகரமும் வராது. அதனால்தான் ராயபுரத்தை 'இராயபுரம்' என்றும் எழுதுகிறோம்.

2. தமிழ்ச் சொல்லில் றகரமே இரட்டிக்கும். ரகரம் இரட்டிக்காது: வெற்றி, காற்று.

3. 'ன்' என்னும் மெய்யை அடுத்து றகரமே வரும்: கன்று, மூன்று.

கரை–கறை, இரை–இறை போன்ற இணைகளுக்கு இவ்விதிகள் உதவா. அவற்றைப் பொருளோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும். அரம் இரும்பைத் தேய்க்கும். அறம் மனிதரைத் திருத்தும்.

இறுதியாக ஒன்று. சிறு குழந்தைகளுக்கு ரகரம் தாமதமாகவே வாய்க்கும். 'ரயில்' என்பதை 'லயில்' என்னும் தம்பி தங்கையரைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சும் குழந்தை பேசவே தயங்கும். பள்ளி வயதிலும் அது நீடித்தால், பேச்சுப் பயிற்சியளிப்போரிடம் காட்டலாம். நாமோ பொறுமையாகச் சொல்லிக் காட்டி, அவர்கள் சொல்லும்வரை காத்திருப்போம்.