நம்பிக்கைகளும் உண்மைகளும்: யோசிக்கிற நேரம், கை வைக்கிற நேரம்

நம்பிக்கை: எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

உண்மை: விருத்தாசலம், செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையம் உள்ள ஊர். பாடத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பாருங்கள். கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து தடித்துக்கொண்டே வரும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்தினால் சுவர் நிற்காது. பிந்தினால் பொம்மை தடித்துப்போய், காயும்போதே வெடிக்கும். அது எத்தனை நிமிடம்? கரைசலின் பதத்தையும் அச்சின் ஈரத்தையும் பொறுத்தது. காலையில் காய்ந்த அச்சுக்குப் போதுமான நேரம், நாலு வார்ப்புக்குப் பிறகு அதே அச்சுக்குப் போதாது. ஒன்றை வார்த்து, உடைத்து, சுவரின் கனத்தைப் பார்த்தால்தான் அடுத்ததற்கு நேரம் சொல்ல முடியும். யோசிப்பதற்கே அந்த உடைந்த துண்டு வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: வள்ளுவரே எண்ணிவிட்டுத்தான் இறங்கச் சொல்லியிருக்கிறார்.

உண்மை: சொன்னார், 467-ஆம் குறளில். மேடையில் நாம் வசதியாக விட்டுவிடுவது 672-ஐ: ஆறப்போட வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததை ஆறப்போடாதே என்கிறார் அதில். சோதனைக்கு ஒன்றை வார்த்துப் பார்ப்பதும் எண்ணுவதில்தான் சேர்த்தி என்பது என் கட்சி.

நம்பிக்கை: மனசு சரியில்லையா? உள்ளே தோண்டிக்கொண்டே இரு, தெளிவு வரும்.

உண்மை: 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலரின் மனநிலையை அதற்கு முன்பே அளந்து வைத்திருந்தார் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சீமா. பிறகு மறுபடி அளந்தபோது, துயரத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கமுள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ‘நான் ஏன் இப்படி?’ என்று கேட்டால் விடியும்வரை கேட்கலாம். ‘நாளைக்கு எதை மாற்றுவேன்?’ என்பதற்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். எழுந்து போய்ப் படுக்கலாம்.

நம்பிக்கை: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சோம்பேறித்தனம்.

உண்மை: சூளையை அணைத்த பிறகு வேலையே அதுதான். சூடு இறங்கும்போது 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து குளிர்காற்று பட்டால், நன்றாக வெந்த சாமானும் விரிசல் விடும். சரக்கு கேட்டவர் போனில் கத்துவது சூளைக்குக் கேட்காது.