எத்துறையைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே! "நீ என்னவாகப் போகிறாய்?" என்று உறவினர் பலர் உங்களிடம் வினவியிருப்பர். நீங்கள் கூறும் விடை உங்களுடையதுதானா? பெற்றோர் விருப்பம், ஆசிரியர் ஊக்கம், நண்பர்களின் போக்கு, குடும்பத்தின் பொருள்நிலை, வாழும் ஊர் ஆகிய பலவும் அவ்விடையை உருவாக்குகின்றன. நம் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய தமிழர் இருவர் வாழ்வில் இதனைக் காண்போம்.

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் அப்துல் கலாம். பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவை பறக்கும் முறையை நேரில் காட்டி விளக்கினார். பறத்தலின் மீதான வேட்கை கலாமின் உள்ளத்தில் வேரூன்றியது. எனினும், திருச்சிராப்பள்ளியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே தமக்கு ஏற்றது பொறியியல் என உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. தமக்கை சொகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அங்கு வானூர்திப் பொறியியல் பயின்ற கலாம், விமானியாக விரும்பி டேராடூன் சென்றார். விமானப்படைத் தேர்வில் எண்மரே தேர்வாயினர், கலாம் ஒன்பதாமவர். விமானம் ஓட்டும் வழி அடைபட்டது; பறக்கும் கலங்களை உருவாக்கும் வழி எஞ்சியிருந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணேறியபோது, அப்பணிக் குழுவில் அவரும் இருந்தார்.

குமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கை. சிவன், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றார். பொருள்நிலை இடங்கொடாமையால், முதலில் நாகர்கோவிலில் கணிதப் பட்டம் பெற்றார், அதன்பின் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றார். 1982இல் இஸ்ரோவில் சேர்ந்த அவர், 2018இல் அதன் தலைவரானார். வறுமை அவரது பாதையை நீட்டியது, திசையை மாற்றவில்லை.

வேலை தேடி இவ்வூருக்கு வந்த பெற்றோர் பலர், கிடைத்த தொழிலை ஏற்றவர்கள். தமக்குக் கிட்டாதது தம் மக்களுக்குக் கிட்ட வேண்டும் என விழைகின்றனர். அவ்விழைவில் அன்பு உண்டு. ஆனால் எப்பாடம் உங்களுக்கு இனிக்கிறது, எது சுமையாகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். அதனை அவர்களிடம் பணிவுடன் எடுத்துரையுங்கள். செலவு எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பவற்றையும் சேர்ந்து ஆராயுங்கள். தோழன் சேர்ந்தான் என்பதற்காக மட்டும் ஒரு துறையில் சேராதீர்கள்.

சொற்பொருள்
வேட்கை – பெருவிருப்பம்
தமக்கை – அக்காள்
எண்மர் – எட்டுப் பேர்
ஏவூர்தி – ராக்கெட்

பயிற்சி
1. கலாமின் துறைத் தேர்வுக்குத் துணைநின்றவர் யாவர்? எவ்வாறு?
2. 'வறுமை அவரது பாதையை நீட்டியது. திசையை மாற்றவில்லை' – விளக்குக.
3. உங்கள் தாய் அல்லது தந்தை தம் தொழிலை ஏற்ற காரணத்தைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.