மண்வெட்டி தெரிதலும் ஐயமுள்ள காணியைக் கொத்துதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் கையாளுங் கருவிகளுள் மண்வெட்டியே முதன்மையானது. அதனை விலை நோக்கி மாத்திரம் வாங்குதல் தகாது. கொத்தப்படும் மண்ணின் இயல்பை நோக்கியே தெரிதல் வேண்டும்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் ஈரமுள்ள பொழுது எளிதிற் கொத்துப்படும், காய்ந்தபின் இறுகிவிடும். வெங்காயத்திற்கும் உருளைக்கிழங்கிற்கும் இம்மண்ணைப் பண்படுத்த அகன்ற, பாரமான உருக்குத் தகடு ஏற்றது. காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கங்களிற் சுண்ணாம்புக்கல் மேலாகவே கிடக்கும். ஆங்கு அகன்ற மெல்லிய வாய் மடிந்துவிடும். ஒடுங்கிய தடித்த வாயும், கல்லைப் பெயர்க்க அலவாங்கும் வேண்டும். மணற்றரைக்கு இலேசான தகடு போதும். காலபோகத்தில் வயல் வரம்பு கட்டுவோர், தகடு பிடியை நோக்கிச் சற்று உள்வாங்கிய மண்வெட்டியைத் தெரிக. சேறு வழுகாது இழுபடும்.

வாங்குமுன் தகட்டைத் தூக்கிப் பிடித்துச் சிறு கல்லினால் தட்டுக. ஒலி தெளிவாயிருத்தல் நன்று. அடைத்த ஒலி எழுந்தால் வெடிப்பு உண்டென ஐயுறுக. காயாத மரத்திற் செய்த பிடி கோடையிற் சுருங்கிக் கழலும். நன்றாகக் காய்ந்த பூவரசம் பிடி விரும்பத்தக்கது. அதன் நீளம் கொத்துபவரின் உயரத்திற்கேற்ப அமையாவிடின் இடுப்பு நோகும்.

எனினும், கருவிக்கு முன்னே காணியை ஆராய வேண்டிய இடங்களும் உள. 2000 ஆம் ஆண்டு முதல் 2009 இன் தொடக்கம் வரை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஊடாகப் போரின் முன்னரண்கள் இருந்தன. 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கிலே பல காணிகள் 2009 இற்குப் பின்னர்க் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இத்தகைய இடங்களில், மிதிவெடி அகற்றப்பட்டமையைப் பிரதேச செயலகத்தில் உறுதி செய்த பின்னரே கொத்தத் தொடங்குக.

மண்வெட்டி மேலிருந்து ஓங்கி விழுங் கருவி. மிதிவெடியோ மேலிருந்து வரும் அழுத்தத்தால் வெடிப்பது. ஆதலின், மிதிவெடி அகற்றுவோர் கையால் மண்ணை நீக்கும்பொழுது ஓங்கி வெட்டுவதில்லை. பற்களுடைய வாரியினாற் பக்கவாட்டிற் சிறிது சிறிதாகச் சுரண்டுவர்.

உலோகங் கண்டறியுங் கருவியொன்றை வாங்கித் தாமே சோதிக்கலாமென எண்ணுதல் பெருங்கேடு. பிளாத்திக்கு உடலுள்ள மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதே உண்டு. எறிகணைச் சிதறல்கள் நிறைந்த மண்ணிலோ கருவி ஓயாது ஒலிக்கும். அக்கருவி கொண்டு பழங்காசு தேடிக் கிண்டுதலும் வேண்டாம். தொல்பொருள் தேடி உத்தரவுப்பத்திரமின்றி அகழ்தல் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டப்படி குற்றமாகும். கந்தரோடை போன்ற ஊர்களில் உள்ளோர் இதனை மறவாதிருக்க.

கொத்தும்பொழுது அறியாத பொருளொன்று தகட்டில் முட்டினால் உடனே நிறுத்துக. மறுபடியும் வெட்டிப் பார்த்தலும், நெம்பி எடுத்தலும், கிணற்றிலோ துரவிலோ எறிதலும் கூடா. அவ்விடத்திற் குப்பை கூட்டி எரித்தலும் ஆகாது. வந்த அடிச்சுவட்டிலேயே மீண்டு, தூரத்தில் ஓர் அடையாளம் இடுக. கிராம அலுவலருக்கோ 119 என்னும் இலக்கத்திற் பொலிசாருக்கோ அறிவித்து, அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பக்கம் செல்ல விடாதிருக்க.