குறுகிய குழாயின் பெருமை



வெள்ளைச் சாக்கட்டி ஒன்றின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். தட்டில் சிறிதளவு நீர் ஊற்றி, புள்ளி நனையாதவாறு அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நீர் மேலேற ஏற, கறுப்பு மை பல நிறங்களாகப் பிரியும். இதுவே நிறப்பிரிகை. ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிக்கேல் ஸ்வெட் 1903-ஆம் ஆண்டில் இலையின் நிறப்பொருள்களைப் பிரிக்கும் தம் முறையை அறிவித்தார்.

இந்த விளையாட்டுக்கும் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் என்ன தொடர்பு? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதன் பெயர் அஃப்ளாடாக்சின். அது ஈரலைக் கெடுக்கும். மக்காச்சோளமும் புண்ணாக்கும் ஈரம்பட்டுக் கிடந்தால் நம் ஊரிலும் இப்பூஞ்சை வளரும். கோழிகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மைச் சுற்றி எத்தனை! நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனங்களைச் சோதிக்க ஓர் ஆய்வுக்கூடமே உள்ளது.

ஒரு டன் தீவனத்தில் சில மில்லிகிராம் நஞ்சு கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தீவனத்திலிருந்து எடுத்த சாற்றை, நுண்ணிய தூள் அடைத்த எஃகுக் குழாய்க்குள் ஒரு திரவத்துடன் அழுத்திச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். கருவி அதை வரைபடமாகத் தீட்டும்.

வழக்கமான குழாயின் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர், குறுகிய குழாய்க்கு 2.1 மில்லிமீட்டர். விட்டம் பாதிக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததல்லவா? கணக்கிட்டால் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிறது! ஆகவே நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் திரவம் செலவான இடத்தில் 0.2 மில்லிலிட்டரே போதும். எட்டு மணி நேரத்தில் 480 மில்லிலிட்டருக்குப் பதிலாக 96 மில்லிலிட்டர். இத்திரவங்கள் விலை மிகுந்தவை. சில நச்சுத்தன்மை உடையவை.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கரண்டிச் சர்க்கரையைக் குடத்து நீரில் கரைத்தால் இனிப்புத் தெரியாது. தம்ளர் நீரில் கரைத்தால் தெரியும். அதுபோல, அதே அளவு நஞ்சு குறைந்த திரவத்தில் வெளிவருவதால் வரைபடத்தில் அதன் முகடு உயர்ந்து நிற்கும். சாறு சிறிதளவே கிடைக்கும்போது இது பேருதவி.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். சாக்கட்டியில் பெரிய புள்ளி வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கும் செலுத்தும் சாற்றைக் குறைக்க வேண்டும். இணைப்புக் குழல்களும் மெல்லியவையாக இருக்க வேண்டும். இல்லையெனில் பிரிந்தவை மீண்டும் கலந்து, பெற்ற பயன் வீணாகும். சாற்றை நன்கு வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

தோழியரே, வட்டத்தின் பரப்பைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். அந்தச் சிறு கணக்கு நம் உணவைக் காக்கவும், ஓர் உழவர் குடும்பத்தின் பிழைப்பைக் காக்கவும் துணைநிற்கிறது!